புதன்கிழமை வரிசை

கடற்படையில் முப்பத்து நான்கு வருடம் இருந்துவிட்டுச் சித்தூருக்குத் திரும்பினேன். முதல் மூன்று மாதம் வீட்டில் ராஜ மரியாதை. நாலாவது மாதம் மனைவி காய்கறிப் பையைக் கையில் கொடுத்தாள். ஆறாவது மாதம் நான் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் ஒட்டி, எந்த எண் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கதவில் மாட்டினேன். அன்று சாயங்காலமே அவள் எங்கள் சபைப் போதகருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, இவருக்கு எங்கனா ஒரு வேல பாத்துக் குடுங்க. இல்லாங்காட்டி நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்."

அவள் அம்மா வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அந்த மிரட்டலுக்கு நான் பயப்படவில்லை, போதகர் பயந்துவிட்டார். அவர் யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே உள்ள ஓர் இன்ஜினியரிங் காலேஜில் நிர்வாக டைரக்டர் வேலை என்னைத் தேடிக்கொண்டு வந்தது. படிப்பு விஷயத்தைப் பிரின்சிபால் பார்த்துக்கொள்வார். கேட், ஹாஸ்டல், மெஸ், பஸ், ஒழுங்கு இவையெல்லாம் என் பொறுப்பு. காலேஜின் கரஸ்பாண்டென்ட் என்னை உட்காரவைத்து, காபி வரவழைத்து, ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "மாக்கு டிசிப்ளின் காவாலி சார்." எங்களுக்கு ஒழுங்கு வேண்டும் என்கிறார். ஆறு மாதமாக டப்பாக்களை மட்டும் அதிகாரம் செய்துகொண்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

ஐம்பத்தாறு வயதில் ஒருவனை மறுபடி கூப்பிட்டு, இந்தா உனக்கு ஒரு மேஜை, உனக்குக் கீழே இத்தனை பேர், உன்னை நம்பி இத்தனை பிள்ளைகள் என்று கொடுப்பது சாதாரண விஷயமில்லை. என்னோடு ஓய்வு பெற்ற நண்பர்கள் பலர் காலையில் நடைப்பயிற்சி, மாலையில் மாத்திரை என்று இருந்தார்கள். நான் மட்டும் ஏழு மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். மாம்பழ சீசனில் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றைத் தாண்டினால் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருப்பதிக்கு நடந்துபோகிறவர்கள் ரோட்டோரமாக வருவார்கள். நான் அவர்கள் மதமில்லை. ஆனாலும் அவர்களைக் கடக்கிறபோது தினமும் ஒரு நிமிடம் வேகத்தைக் குறைத்து, எனக்கு இந்த வேலை கிடைத்ததற்காக என் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொள்வேன். ஊரே கும்பிட்டுக்கொண்டு போகிற பாதையில் நான் மட்டும் சும்மா போவானேன்?

முதல் வருடம் நன்றாகவே போனது. கப்பலில் கேப்டன் வாரத்துக்கு ஒருநாள் மூலைமுடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து வருவார். நானும் அதே பழக்கத்தில் ஹாஸ்டல் மாடியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்ததை இங்கே எழுதப்போவதில்லை. மறுநாளே தொட்டி கழுவப்பட்டது. மெஸ்ஸில் நானே தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வரிசையில் நின்று சாப்பிட்டேன். ஒரே வாரத்தில் சாம்பாரில் பருப்பு தெரிய ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு என்னைப் பிடித்துப்போனது. வெயிலுக்காக நான் எப்போதும் ஒரு நீலத் தொப்பி போட்டிருப்பேன். என் கடைசிக் கப்பலின் சின்னம் தைத்த தொப்பி. அதனால் எனக்குத் "தொப்பி சார்" என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்களில் இது கௌரவமானது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இப்படி எல்லாம் நன்றாகப் போகும்போதுதான் மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறும். எனக்கு ஏறியது. கப்பலிலிருந்து இன்னொரு வழக்கத்தையும் கொண்டுவந்தேன்.

கப்பலில் குறித்த நாளில் கேப்டன் ஒரு மேஜை போட்டு நிற்பார். கப்பலில் இருக்கிற யார் வேண்டுமானாலும், சமையல்காரனிலிருந்து இன்ஜின் ரூம் மாலுமிவரை, நேராக அவர் முன்னால் வந்து நிற்கலாம். லீவு வேண்டும், வேறு இடத்துக்கு மாற்றம் வேண்டும், படிக்க அனுமதி வேண்டும் என்று கேட்கலாம். தப்புச் செய்தவனையும் அதே மேஜை முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் நிற்பார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கேட்க வந்தவன் தொப்பியோடு நின்று சல்யூட் அடிப்பான். தப்புச் செய்தவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வெறுந்தலையோடு நிற்பான். விசாரணை முடிந்து, மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து உத்தரவு வந்தபிறகுதான் அவன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ள முடியும். அதுவரை அவன் யார் என்பது தூரத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும்.

முப்பத்து நான்கு வருடம் இதற்குள்ளேயே இருந்தவனுக்கு இதில் எது முக்கியம் என்பது தெரியாமல் போய்விட்டது. மேஜைதான் முக்கியம் என்று நினைத்தேன். மேஜையைக் கொண்டுவந்தேன்.

என் அறைக்கு வெளியே உள்ள நீண்ட வராந்தாவில், புதன்கிழமைதோறும் பத்து மணிக்குப் பச்சைத் துணி விரித்த மேஜை. கேட்க வேண்டியவர்கள் முதல்நாளே ஆபீஸில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தப்புச் செய்தவர்களை ஹாஸ்டல் வார்டன் எழுதி அனுப்புவார். எல்லாரும் ஒரே வரிசை. உடற்பயிற்சி ஆசிரியர் வரிசையைப் பார்த்துக்கொள்வார். அவர் பழைய ராணுவக்காரர், குரல் அடுத்த பிளாக்வரை கேட்கும். பதினோரு மணி அடித்தால் மேஜை மூடப்படும். மிச்சமிருப்பவர்கள் அடுத்த புதன் வரலாம்.

ஆபீஸ் சூப்பரின்டெண்ட் அம்மாதான் முதலில் சொன்னார். அந்தக் காலேஜில் இருபது வருடத்துக்கு மேலாக இருப்பவர். தெலுங்குக்காரர், எங்கள் பக்கத்துத் தமிழும் தண்ணீர்பட்ட பாடு. ஒரு ஃபைலைக் கேட்டால் அது எந்த அலமாரியில் எந்த வரிசையில் இருக்கிறது என்று எழுந்திருக்காமலே சொல்வார். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தபோது அவர் காகிதத்தைத் தன் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒக்க நிமிஷம். ரெண்டு வரிசை வெச்சிடலாமே சார்."

"எதுக்கும்மா? கப்பல்ல ஒரே வரிசதான். கேப்டனுக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

"கப்பல் வேற கதா சார். இங்க ஆடபிள்ளைங்க, பொண்ணுங்க கீறாங்க."

எனக்கு உடனே சுருக்கென்று கோபம் வந்தது. வாதத்தில் ஜெயிப்பது என் பழைய வியாதி. "பக்கத்துலயே திருப்பதி. ஜனங்க வரிசைல நிக்கறதுக்கே பொறந்தவங்க. ஏம்மா, அங்க வரிசைல நிக்கறவன் நல்லவனா கெட்டவனான்னு யாராவது பாக்கறாங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கடயே தர்ம தரிசனம் ஒரு வரிசை, டிக்கெட்டு ஒரு வரிசை, விஐபி ஒரு வரிசை சார். ஏழுமலையானே ஒரே வரிசை வெக்கல. நீங்க வெக்கிறீங்க."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காகிதத்தை வாங்கிக் கையெழுத்தும் போட்டேன்.

முதல் இரண்டு மாதம் புதன்கிழமைகள் அமோகமாக நடந்தன. கிளாஸில் போன் பார்த்தவன், சுவர் ஏறிக் குதித்தவன், ஃபேனில் ஈரத் துணி கட்டி உலர்த்தியவன் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. கேட்க வருபவர்கள் மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்தார்கள். பிள்ளைகளுக்குக் குறையே இல்லை போலிருக்கிறது, என் நிர்வாகம் அப்படி, என்று ஒரு மீட்டிங்கில் பெருமையாகச் சொன்னேன். சூப்பரின்டெண்ட் அம்மா அப்போதும் கண்ணாடியைத் துடைத்தார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மெஸ்ஸில் பையன்களுக்குள் சண்டை. ஒருவன் தட்டால் இன்னொருவன் மண்டையைப் பதம் பார்த்துவிட்டான். இரண்டு தையல். மறுநாள் வராந்தாவில் அந்தக் கோஷ்டி முழுவதும் நின்றது. மண்டையில் கட்டுப் போட்டவன், சட்டை கிழிந்தவன், வீங்கிய உதட்டோடு ஒருவன். அந்த ஒரு சண்டையை விசாரிப்பதற்குள் மணி பதினொன்று அடித்துவிட்டது. நான் ஃபைலை மூடி எழுந்துவிட்டேன். வரிசையின் பின்பகுதியில் இன்னும் சிலர் நிற்பது தெரிந்தது. அதில் ஒரு பெண்ணும் இருந்தாள். "நெக்ஸ்ட் வெனஸ்டே!" என்று உடற்பயிற்சி ஆசிரியர் கத்தினார். வரிசை கலைந்தது. எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண்ணின் அப்பா வந்தார்.

வரதய்யபாளையம் பக்கத்து ஊர். கொஞ்சம் நிலம் இருக்கிறது. அது போதாமல் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி குடோனில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. இதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது நான் பார்த்தது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு மனிதரை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலுக்கு வெளியே, காலடியில் ஹாஸ்டல் பையோடு, அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"டிசி குடுத்துடுங்க சார். நான் பொண்ண இட்டுக்கினு போறேன்."

என்ன விஷயம் என்று கேட்டேன். அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்து, என் பக்கமாகத் திருப்பினார். எங்கள் வராந்தாவின் படம். மண்டையில் கட்டுப் போட்டவனுக்கும் உதடு வீங்கியவனுக்கும் நடுவே அவர் மகள் நிற்கிறாள், தலையைக் குனிந்துகொண்டு. யாரோ ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து அது ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிருக்கிறது.

"இன்னா பண்ணுச்சின்னு அத கேட்டேன். ஒண்ணும் பண்ணல நைனான்னுது. ஊர்ல வேற மாதிரி பேசிக்கினு கீறாங்க சார். பசங்களோட மாட்டிக்கிச்சின்றாங்க."

எனக்கு அவள் எதற்காக நின்றாள் என்றே தெரியாது. மணியடித்ததும் எழுந்துபோனவன் ஆயிற்றே நான். சூப்பரின்டெண்ட் அம்மா சத்தமில்லாமல் புதன்கிழமை ஃபைலைக் கொண்டுவந்து, அந்தப் பெண்ணின் சீட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். சின்னச் சின்ன எழுத்தில் நாலு வரி. தன்னிடம் லேப்டாப் இல்லை. மற்றவர்கள் ஹாஸ்டல் ரூமில் புரோகிராம் எழுதிப் பழகுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கம்ப்யூட்டர் லேப்பைத் திறந்து வைத்தால் தன்னைப்போன்ற பத்துப் பன்னிரண்டு பேருக்கு உதவியாக இருக்கும். அவ்வளவுதான்.

அதைப் படித்துக் காட்டினேன். உங்கள் மகள் ஒரு தப்பும் செய்யவில்லை, படிப்பதற்கு அனுமதி கேட்கத்தான் வந்தாள், அனுமதி கேட்கிறவர்களும் அந்த வரிசையில்தான் நிற்பார்கள் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"கேக்க வந்த புள்ளைய தப்பு பண்ணவனுங்களோட எதுக்கு சார் நிக்க வெச்சீங்க?"

கப்பலில் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது. கப்பலில் தொப்பி இருந்தது. இங்கே எந்தப் பிள்ளை தலையிலும் தொப்பி இல்லை. யார் கேட்க வந்தவள், யார் மண்டையை உடைத்தவன் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அந்த வழக்கத்தின் மானமே அந்தத் தொப்பியில்தான் இருந்தது. அதைக் கப்பலிலேயே விட்டுவிட்டு, வெறும் மேஜையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். காலேஜில் தொப்பி போட்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

லெட்டர்ஹெட்டில் எழுதி சீல் வைத்துத் தருகிறேன் என்றேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"லெட்டர வெச்சிக்கினு நான் யாருக்கு சார் ஊடு ஊடா படிச்சிக் காட்டுவேன்? போட்டோவ எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்க எங்கிட்ட சொல்லிட்டீங்க, நான் நம்பறேன். ஊருக்கு யாரு சொல்றது?" போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "எங்க ஊருக்கே கம்பெனி பஸ்ஸு வருது சார். எவ்ளோ பொண்ணுங்க போவுது. இதுவும் போவட்டும். படிச்சது போதும்" என்றார்.

வெளியே அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொள்வது கதவு இடுக்கில் தெரிந்தது. இரண்டாம் வருடம், முதல் வருடத்தில் ஒரு பேப்பர்கூடப் பாக்கி வைக்காத பெண் என்று ஃபைல் சொன்னது. இன்னும் இரண்டு வருடம் படித்தால் அதே ஸ்ரீ சிட்டிக்கு இன்ஜினியராகப் போயிருக்க வேண்டியவள். என்னுடைய பச்சைத் துணி மேஜையால், ஃபேக்டரியில் ஒரு பாகத்தை இன்னொன்றில் பொருத்துகிற வரிசைக்குப் போகப்போகிறாள். அந்த வேலை கேவலம் என்று சொல்லவில்லை. அவள் கேட்டது அது இல்லை.

இந்த இடத்தில் சூப்பரின்டெண்ட் அம்மா செய்த காரியத்துக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன். அவர் முன்னால் வந்து, வேலை நேரத்தில் வருகிற குரலில், "டிசி இன்னிக்கி ஆகாது அண்ணா. லைப்ரரி, லேப், ஹாஸ்டல் மூணு எடத்துலயும் நோ டியூஸ் வாங்கணும். பிரின்சிபால் சைன் வேணும். அவரு ஊர்ல இல்ல. சோமவாரம் ரண்டி, திங்கக்கெழம குடுத்துடறோம்" என்றார்.

பிரின்சிபால் மாடியில்தான் இருந்தார்.

அப்பாவும் மகளும் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அடக்கமாட்டாத கோபம். படம் எடுத்தவன் மேல். அவன் யார் என்று இன்றைக்குள் கண்டுபிடித்து டிஸ்மிஸ் செய்கிறேன் என்றேன். "அவன அடுத்த வாரம் பாக்கலாம் சார். அவனையும் அந்த வரிசைலதான நிக்க வெப்பீங்க?" என்றார் அந்த அம்மா. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். யார் எடுத்தது என்று நான் கடைசிவரை விசாரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மனுஷன் கேட்டதுதான கேள்வி, ஊருக்கு யாரு சொல்றதுன்னு. சொல்லவேண்டியது யாரு?"

"நான்தான்."

"பின்ன இங்க ஒக்காந்துக்கினு எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. ஊரில் இருக்கிற நாளில் நான் ஆராதனைக்குப் போகாமல் இருந்தது எனக்கு நினைவில்லை. விடிந்ததும் மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். புத்தூர் தாண்டி, நாகலாபுரம் ரோட்டில் போய், வழி கேட்டுக் கேட்டு அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி இருக்கும். தெருமுனையில் குடிதண்ணீர் கேன் பிடிக்கிற இடம். அங்கே ஏழெட்டுப் பெண்கள், பக்கத்து டீக்கடையில் லீவு நாள் கூட்டம். காரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அந்த வீடு எது என்று நான் கேட்டதும், எல்லாருக்கும் நான் யார் என்று புரிந்துவிட்டது. "போட்டோ மேட்டரு" என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

அப்பா லுங்கியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டார். "உள்ள வாங்க சார், உள்ள வாங்கம்மா" என்றார். மனைவி உள்ளே போனாள். நான் போகவில்லை.

"இல்லைங்க. நான் இங்கயே நின்னு சொல்றேன்."

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. முன்னூறு பேரை வரிசையில் நிறுத்தி, மைக் இல்லாமல் பேசியிருக்கிறேன். அன்று முப்பது பேருக்கு முன்னால் முதல் வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல. முப்பத்து நான்கு வருடப் பழக்கம். தப்புச் செய்தவனின் கை தானாகவே மேலே போகும்.

"இந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணலைங்க. ஞாயித்துக்கெழமயும் படிக்கணும், ரூம தொறந்து வைங்கன்னு கேக்கறதுக்கு வந்தது. அத சண்ட போட்ட பசங்களோட ஒரே வரிசைல நிக்க வெச்சது நான். அந்த வரிசைய வெக்காதீங்கன்னு எங்க ஆபீஸ்லயே சொன்னாங்க. நான் கேக்கல. தப்பு பண்ணது நான்தான். இந்த ஊட்டுக்கு வந்த கெட்ட பேரு என்னால வந்தது."

தண்ணீர் கேனோடு நின்ற ஒரு அம்மா, "இவுரு யாரு?" என்று பக்கத்தில் கேட்டார். "காலேஜிக்கே பெரிய ஆபீசரு" என்றது ஒரு குரல். "அப்ப எதுக்கு தெருவுல நின்னுக்கினு கீறாரு?" என்று அந்த அம்மா மறுபடி கேட்டார்.

ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் இறக்கினார். "எடுங்க. நல்லா எடுங்க. அந்தப் போட்டோ வந்த குரூப்லயே இதையும் போடுங்க" என்றேன். அவர் மறுபடி தூக்கினார். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையைவிட இது சுலபமாக இருந்தது.

அதன்பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. அப்போது வாசற்படியில் அந்தப் பெண் வந்து நின்றாள். என் மனைவி அவளுக்குப் பின்னால் நின்றிருந்தாள், ஆனால் மனைவி சொல்லிக் கொடுத்து அந்தப் பெண் பேசியதல்ல, பிறகு மனைவியிடமே கேட்டுவிட்டேன். புதன்கிழமை நான் கேட்காமல் எழுந்துபோன குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"சார், நான் கேட்டது இன்னா ஆச்சி சார்? சண்டே லேபு தெறப்பீங்களா?"

இத்தனை கூத்திலும், இவ்வளவு பேர் இவ்வளவு பேசியும், அவள் கேட்டதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவளோ ஊர் பேச்சையும் தாண்டி, அழுத கண்ணோடு அதையே மறுபடி வந்து கேட்கிறாள். "தெறக்கறேம்மா. இந்த வாரமே தெறக்கறேன்" என்றேன்.

சொன்னபடியே திறந்தேன். லேப் பொறுப்பாளர் வராத ஞாயிறுகளில், ஆராதனை முடிந்ததும் நானே போய்ச் சாவி போட்டுத் திறந்திருக்கிறேன். மனைவி எனக்கு டிபன் கட்டிக் கொடுத்து அனுப்புவாள். டப்பா எண் ஏழில். வராந்தா மேஜை அந்தத் திங்கட்கிழமையே ஸ்டோர் ரூமுக்குப் போனது. கேட்க வருகிறவர்கள் இப்போது என் அறைக்குள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். எந்த நாளும் வரலாம், கடைசி ஆள் போகும்வரை கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. முதல் மாதம் அப்படி வந்தவர்களை எண்ணிப் பார்த்தபோதுதான், குறையே இல்லாத காலேஜில் எத்தனை குறை இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் படிப்பை முடித்துவிட்டாள். அவள் வேலைக்குப் போகிற இடத்துக்கு இப்போதும் கம்பெனி பஸ்தான். அதில் அவள் ஏறுவது வேறு வேலைக்கு.

கடற்படை எனக்குச் சோறு போட்டது, மரியாதை கொடுத்தது, உலகத்தைக் காட்டியது. ஆனால் என்னிடம் நேருக்கு நேர் நின்று ஒரு கேள்வி கேட்டு, பதிலில்லாமல் என்னை நிற்கவைத்தது, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒரு குடோன் தொழிலாளி. இந்த இரண்டாவது வேலையில் நான் உருப்படியாக ஏதாவது செய்திருந்தால், அந்தக் கேள்வியிலிருந்துதான் அது ஆரம்பித்தது. அவருக்கும், பொய் சொல்லி இரண்டு நாள் வாங்கிக் கொடுத்த அந்த அம்மாவுக்கும், மறுபடி வந்து கேட்ட அந்தப் பெண்ணுக்கும் நான் பட்டிருக்கிற கடன் தீராது.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு நடந்தவை. அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தெருவில், எதுவும் முடிவாகவில்லை. நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா மகளைப் பார்த்தார். பிறகு தெருவை ஒருமுறை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கப்பலில் கேப்டனின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தபடி காத்திருந்த எத்தனையோ மாலுமிகளை நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் அவர் என்னிடம் திரும்பினார்.

"நாளைக்கி மொத பஸ்ஸுல அனுப்பறேன் சார்," என்றார். "வெயிலு ஏறிக்கினு கீது. தொப்பிய போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன்.